இரு வெயில்களுக்கு இடையே ஒரு ஃபஸ் பெடல்

சென்ற வாரம் எங்கள் துறையின் முதுகலை மாணவர் இருவர் ஒரு கேள்வியுடன் என்னிடம் வந்தனர். இசைக்குழு ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். எலக்ட்ரிக் கிதாருக்கு ஒரேயொரு ஃபஸ் பெடல் வாங்கும் அளவுக்கே கையில் பணம் இருக்கிறது. "எல்லாத்துக்கும் பொருந்துற மாதிரி ஒண்ணு சொல்லுங்கண்ணா" என்றார்கள். பத்து நிமிடத்தில் ஒரு விடையைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த விடையை அடைய எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின என்பதும், அதில் பாதியை அவர்களிடம் சொல்லவில்லை என்பதும் அவர்கள் சென்ற பிறகுதான் உறைத்தது. சொல்லாமல் விட்ட பாதியை இங்கே எழுதுகிறேன். பதிவு நீளமானது, பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

நான் மூணாறுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா ஃபேக்டரியில் வேலை பார்த்தார். இப்போது பாலக்காட்டில் ஆய்வு செய்கிறேன். சித்தூர்ப் பக்கம் வாடகை அறை. இரண்டும் கேரளத்தில் இருக்கும் ஊர்கள். இரண்டிலும் தமிழ் ஒலிக்கும். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நான் செல்லும் வழி தமிழ்நாட்டுக்குள் புகுந்து வெளிவரும்: பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு வனம், மறையூர், பிறகு மூணாறு. பாலக்காட்டுக் கணவாயின் அனலில் ஏறிய உடல், அதே நாள் மாலையில் கம்பளி தேடும். இந்த வெப்பநிலை வேறுபாடுதான் இக்கட்டுரையின் மையப் பாத்திரம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என் ஆய்வு, தோட்டத் தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்களைப் பற்றியது. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலின்போது பாவலர் வரதராசன் மேடையேறிப் பாடிய மலை இது. அவ்வாறான அரசியல் பாடல்களுக்குச் சான்றுகள் கிடைக்கின்றன. லயத்துக்குள் பெண்கள் பாடிய தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் குரலைத் தவிர வேறு சான்று இல்லை. எங்கள் லயத்து அப்பத்தா ஒருவரின் ஒப்பாரியைப் பதிவு செய்தபோது ஒன்றைக் கவனித்தேன். குரல் உச்சத்துக்கு ஏறும் இடத்தில் அது உடைகிறது. உடைந்த பிறகும் சுருதி நிற்கிறது. சுருதியைச் சுற்றி ஒரு கரகரப்பு கிளம்பி, ஒரு குரலே இரண்டு மூன்று குரல்களாகக் கேட்கிறது. அந்த மெட்டை என் கிதாரில் வாசித்துப் பார்த்தேன். சுரங்கள் சரியாக இருந்தன; அழுகை இல்லை. தெளிவான கிதார் ஒலியில் அந்த உடைவு நிகழவே இல்லை. அப்போதுதான் ஃபஸ் பெடலைத் தேடத் தொடங்கினேன்.

அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: கிதாரின் பிக்கப் உண்டாக்கும் மின்னலை, மேடு பள்ளங்களுடன் வளைந்து செல்லும். ஃபஸ் பெடல் அதை அளவுக்கு மீறிப் பெருக்கும். பெருகிய அலை, மின்சுற்றின் கூரையில் முட்டி, மேடும் பள்ளமும் வெட்டுண்டு ஏறத்தாழச் சதுரமாகும். அவ்வாறு வெட்டுப்படும்போது மூல சுரத்துக்கு மேலே எண்ணற்ற மேற்சுரங்கள் பிறக்கின்றன. கரகரப்பு என நாம் கேட்பது அவற்றைத்தான்.

இவ்வொலி ஒரு பழுதிலிருந்து பிறந்தது. 1961-இல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் பாடல் ஒன்றுக்காக நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடத்தில் கிரேடி மார்ட்டின் பேஸ் கிதார் வாசித்தபோது, ஒலிக்கலவைப் பலகையின் ஒரு தடத்தில் ஏற்பட்ட கோளாறு ஒலியைச் சிதைத்தது. அதை அழிக்காமல் பாடலில் அப்படியே விட்டுவிட்டார்கள். அங்கிருந்த ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி, அக்கோளாறை வேண்டும்போது உண்டாக்கும் சுற்று ஒன்றை வடிவமைத்தார். 1962-இல் கிப்சன் நிறுவனம் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், ஊதுகருவிகள் பின்னர் வாசிக்க வேண்டிய ஒரு மெட்டுக்கு மாதிரியாக அப்பெடலில் வாசித்து வைத்தார். மாதிரியே பாடலாக நிலைத்தது. 1966-இல் லண்டனின் ஆர்பிட்டர் நிறுவனம் வட்ட வடிவப் பெட்டியில் ஃபஸ் ஃபேஸ் பெடலை வெளியிட்டது. இரண்டே டிரான்சிஸ்டர்கள், இரண்டே குமிழ்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸின் காலடியில் இருந்தது அது.

மேலைநாடு இதைப் பழுது என்று அழைத்ததை நாம் வியப்பின்றிக் கேட்கலாம். தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் நாம் செருகும் நூலிழை, தந்தியைக் கரகரக்கச் செய்வதற்கே. அதற்கு ஜீவா என்று பெயரிட்டிருக்கிறோம். உயிர் என்று பொருள். சி.வி. ராமன் 1921-இல் வீணை, தம்புரா பற்றி எழுதிய ஆய்வுக் குறிப்பு, அக்குதிரையின் அமைப்பு எவ்வாறு எதிர்பாராத மேற்சுரங்களை எழுப்புகிறது என்பதைப் பேசுகிறது. பாலக்காடு மணி ஐயரின் ஊரில் இருந்துகொண்டு மிருதங்கத்தை மறக்க முடியாது: அதன் வலந்தலையில் தோல்களுக்கு இடையே குச்சித் துண்டுகளையோ கப்பிக்கல் துகள்களையோ செருகுவதும் நாதத்தில் அந்தச் சிறு அதிர்வைச் சேர்க்கவே. ஆகவே ஒப்பாரிக்கு ஃபஸ் தேடியதை மேலைநாட்டு மோகம் என்று கேலி செய்த நண்பர்களுக்கு என்னிடம் விடை இருந்தது. பெடல்தான் இல்லை.

உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும் வாழ்க்கையில் வெளிநாட்டுப் பெடல் எட்டாத பொருள். நானே செய்துகொள்ளத் துணிந்தேன். ஃபஸ் ஃபேஸின் மின்சுற்று எளியது; உதிரிப்பாகங்களை இரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஆனால் தொடக்ககாலப் பெடல்களின் மென்மையான ஒலிக்கு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வேண்டும். அது இன்று கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. தேடிக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டுப் பரணுக்குக் கீழ் இருந்த அப்பாவின் வானொலிப் பெட்டி நினைவுக்கு வந்தது. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1962 முதலே ஜெர்மானியம் குறைகடத்திகளை உற்பத்தி செய்தது. நம் வீடுகளில் பாடிய பழைய டிரான்சிஸ்டர் வானொலிகள் பலவற்றில் அவை இருந்தன.

அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. வானொலி அதற்கும் முன்பே ஊமையாகிவிட்டது. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைத்து வைப்பார். கேட்பதற்கு எனக்கு இரண்டு விடுமுறைகள் தேவைப்பட்டன. கேட்டபோது அம்மா உடனே பதில் சொல்லவில்லை. இரவு உணவுக்குப் பிறகு, "அப்பா இருந்தா குடுத்திருப்பாரு. எடுத்துக்க. ஆனா பெட்டியக் கொண்டாந்து அதே எடத்துல வச்சிரணும்" என்றார்.

உடுமலையில் வானொலி பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். பெட்டியைத் திறந்தவர், ஒலிபெருக்கியை இயக்கும் இறுதி நிலையில் இரண்டு டிரான்சிஸ்டர்களைக் காட்டினார். "இது ஜோடி தம்பி. ஒரே அளவா பாத்துப் போட்டிருப்பாங்க. உங்க வேலைக்கு ஜோடி ஆகாது; சின்னது ஒண்ணு, பெரிசு ஒண்ணு வேணும்" என்றார். உண்மைதான். ஃபஸ் ஃபேஸ் சுற்றில் முதல் டிரான்சிஸ்டரின் பெருக்கத்திறன் குறைவாகவும் இரண்டாவதன் திறன் கூடுதலாகவும் இருக்க வேண்டும். 80-ஐ ஒட்டி ஒன்று, 120-ஐ ஒட்டி மற்றொன்று என்பது பலர் கைக்கொள்ளும் அளவு. ஜோடியில் ஒன்றையும் அதற்கு முந்தைய நிலையிலிருந்து ஒன்றையும் அளந்து எடுத்துத் தந்தார்.

அவ்வாண்டு ஜனவரியில், மூணாறில், கதவைச் சாத்திக்கொண்டு முதன்முதலில் வாசித்தேன். அந்த ஒலியை இன்றும் என்னால் விவரிக்க இயலவில்லை. கிதாரின் வால்யூம் குமிழை முழுதாகத் திறந்தால் அப்பத்தாவின் உடைந்த உச்சக்குரல். பாதிக்குக் குறைத்தால் தொண்டை கட்டிய பேச்சு. இன்னும் குறைத்தால் மணியோசை போன்ற தெளிவு. பெடலைத் தொடாமலே மூன்று குரல்கள். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை.

ஏப்ரலில் பாலக்காட்டில், ஒரு வளாகத்தின் திறந்தவெளி அரங்கில் நிகழ்ச்சி. பதிவு செய்த ஒப்பாரியும் நேரடி கிதாரும் பறையும் இணையும் இருபது நிமிட நிகழ்வு. அம்மாவும் அப்பத்தாவும் பேருந்து மாறி மாறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தனர். மாலை நான்கு மணி. கறுப்பு உலோகப் பெட்டிக்குள் இருந்த பெடல் ஒரு மணிநேரமாக வெயிலில் கிடந்தது. அப்பத்தாவின் குரல் ஒலித்து முடிந்து நான் வாசிக்க வேண்டிய இடம் வந்தது. முதல் சுரம் எழுந்தது; இரண்டு நொடியில் விக்கி அடங்கியது. அடுத்த சுரமும் அப்படியே. நீண்டு நிற்க வேண்டிய ஒலி, ஈரத்துணி கிழிவதுபோல் துண்டு துண்டாக வந்தது. இடையில் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. பெடலை அணைத்துவிட்டு வெறும் கிதாரில் முடித்தேன். கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலின் பொருள் எனக்குத் தெரியும்.

இறங்கி வந்தபோது அம்மா சொன்னார்: "இந்த வெயில்ல அதுக்கும் மூச்சு முட்டிருச்சுப்பா."

அறிவியலும் ஏறத்தாழ அதையே சொல்கிறது. ஜெர்மானியத்தில், அணைந்திருக்க வேண்டிய நிலையிலும் ஒரு சிறு மின்னோட்டம் கசியும். வெப்பநிலை ஏறத்தாழப் பத்து டிகிரி உயரும்தோறும் அக்கசிவு இரட்டிப்பாகும். மூணாற்றின் பத்து டிகிரியிலிருந்து பாலக்காட்டின் நாற்பது டிகிரிக்கு வந்தால் மூன்று இரட்டிப்புகள். எட்டு மடங்குக் கசிவு. வெயிலில் காய்ந்த பெட்டிக்குள் இன்னும் கூடுதலாக இருந்திருக்கும். ஒன்பது வோல்ட் பேட்டரியில் இயங்கும் இச்சுற்றில், இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டர் முனை ஏறத்தாழ நாலரை வோல்ட்டில், அதாவது தரைக்கும் கூரைக்கும் நடுவே நின்றால்தான் அலை இருபுறமும் சீராக வெட்டுப்படும். கசிவு மிகும்போது அந்த நடுநிலை நகர்ந்துவிடுகிறது. இந்த நடுநிலையை நிறுத்துவதைத்தான் பயாஸ் என்கிறார்கள். நான் மலைக்குளிரில் பயாஸ் செய்த பெடலைச் சமவெளி வெயிலில் வாசித்திருக்கிறேன். தவறு பெடலுடையது அன்று.

அதன் பிறகு ஓராண்டு இரவல் வாங்கிப் பலவற்றையும் வாசித்துப் பார்த்தேன்.

1969-இல் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் வெளியிட்ட பிக் மஃப் வகையைச் சேர்ந்த பெடல் ஒன்று முதலில் கிடைத்தது. நான்கு டிரான்சிஸ்டர்கள், சுரம் முடிவே இல்லாமல் நீளும். அறைக்குள் தனியாக வாசித்தபோது இதுவே போதும் என்று தோன்றியது. பறையும் டிரம்ஸும் சேர்ந்த ஒத்திகையில் என் கிதாரைக் காணவில்லை. அவ்வகைப் பெடல்கள் பெரும்பாலும் கீழ்ச்சுரங்களையும் உச்சச்சுரங்களையும் உயர்த்தி நடுப்பகுதியைக் குழித்துவிடும். மனிதக் குரல் பெரிதும் வாழ்வது அந்த நடுப்பகுதியில். ஒப்பாரிக்கு அது உதவாது. சுவர்போல் எழும் பின்னணி ஒலிக்கு அது பொருந்தும்.

அடுத்து, ஒரு நண்பரின் டிஜிட்டல் மல்டி-எஃபெக்ட்ஸ் பெட்டி. உள்ளே ஃபஸ் ஒலிகள் வரிசையாக இருந்தன. வெயில் அதை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கிதாரின் வால்யூமைக் குறைத்தபோது அந்தப் பெட்டியில் ஒலி சிறுத்ததே தவிரக் குரல் மாறவில்லை. என் மூன்று குரல்களில் இரண்டு போய்விட்டன.

மூன்றாவது, எண்மச் சுரத்தை மேலே கூட்டித் தரும் ஆக்டேவ் ஃபஸ். ஒற்றைச் சுரத்தில் கமகம் வாசிக்கும்போது கிட்டத்தட்ட நாகசுரம். இரண்டு சுரங்களைச் சேர்த்தால் குப்பை. ஃபஸ் எதுவாயினும் இரண்டு சுரங்கள் ஒன்றாக நுழையும்போது அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய அலைகள் பிறக்கும்; ஆக்டேவ் ஃபஸ்ஸில் அது எல்லை மீறும். மதர்ஜேன் குழுவில் கர்நாடக கமகங்களை எலக்ட்ரிக் கிதாரில் இழைத்த கொச்சியின் பைஜு தர்மஜனைக் கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில், ஒற்றைச் சுரமே போதும் என்று சில நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். ஆனால் கும்மிப் பாட்டுக்குக் கார்டு வாசித்தாக வேண்டும்.

இறுதியில், அறுபதுகளின் பிற்பகுதியில் ஃபஸ் ஃபேஸே எடுத்த வழிக்கு வந்தேன்: அதே சுற்று, சிலிக்கான் டிரான்சிஸ்டர்களுடன். எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும் பிசி 108, பிசி 547 போன்றவை; ஒன்றின் விலை ஒரு தேநீரின் விலைக்குள் அடங்கும். சிலிக்கானின் கசிவு மிகமிகக் குறைவாதலால் வெயில் அதை எளிதில் அசைக்காது. ஆனால் ஒலி கூர்மையானது, காதைக் குத்தும். பெருக்கத்திறன் மிகுதியாதலால் ஓர் இரவு என் அறையில் பெடல் தானாகவே மலையாளத்தில் செய்தி வாசித்தது. வானொலி அலையைப் பிடித்துவிட்டது. கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே சில பைக்கோஃபாரட் அளவுள்ள சிறு கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்ததும் செய்தி நின்றது. கூர்மையும் சற்றுத் தணிந்தது. பிறகு, வழக்கமாகப் பெட்டிக்குள் நிலையாக வைக்கப்படும் பயாஸ் மின்தடைக்குப் பதிலாக வெளியே ஒரு குமிழைப் பொருத்தினேன். மூன்றாவது குமிழ். பேட்டரி களைத்தாலும் வேறு கிதாரை இணைத்தாலும் அதைச் சற்றே திருப்பினால் நடுநிலை மீளும். வேண்டுமென்றே நகர்த்தினால், ஏப்ரலில் என்னை அவமானப்படுத்திய அந்த விக்கலையும் நானே வரவழைக்கலாம். ஒப்பாரியின் இறுதியில் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

மாணவர்களிடம் நான் சொல்லாமல் விட்டது இதுவே. எல்லாவற்றுக்கும் பொருந்தும் பெடல் என்றால் ஒலிகள் அதிகம் உள்ள பெடல் என்றே நானும் எண்ணியிருந்தேன். இடம் மாறும்போது எல்லாப் பெடலும் ஏதோ ஒரு வகையில் மாறும். மாறியதை நின்ற இடத்திலிருந்தே நம் கையால் திருத்திக்கொள்ள முடிகிறதா என்பதே கேள்வி.

கடைக்குச் செல்வோருக்கு நான்கு சோதனைகளைப் பரிந்துரைப்பேன். உங்கள் கிதாரையே எடுத்துச் செல்லுங்கள். ஒன்று: பெடலை முழுதாகத் திறந்துவிட்டுக் கிதாரின் வால்யூமை மெல்லக் குறையுங்கள், குரல் மாறுகிறதா, வெறுமனே சிறுக்கிறதா என்று கேளுங்கள். இதற்குக் கிதாரிலிருந்து வரும் கம்பி நேராக ஃபஸ்ஸுக்குள் செல்ல வேண்டும். நடுவே பஃபர் உள்ள வேறு பெடல் இருந்தால் இந்தப் பண்பு கெடும். இரண்டு: ஷட்ஜமமும் பஞ்சமமும் சேர்த்து வாசியுங்கள், பிறகு ஷட்ஜமமும் காந்தாரமும். முதலாவது நிற்க வேண்டும். இரண்டாவது எவ்வளவு சிதைகிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். மூன்று: தாளக்கருவியுடன் சேர்த்துக் கேளாமல் முடிவெடுக்காதீர்கள். நான்கு: அது ஜெர்மானியமா சிலிக்கானா, வெளியே பயாஸ் குமிழ் உண்டா என்று கேளுங்கள். பழைய பாணி பிஎன்பி ஜெர்மானியப் பெடல்கள் பலவற்றில் மின்முனைகள் தலைகீழாக இருக்கும். மற்றப் பெடல்களுடன் ஒரே அடாப்டரில் இணைத்தால் குறுக்குச்சுற்று ஏற்படும். அதற்குத் தனி பேட்டரியே பாதுகாப்பு.

வானொலிக்கு வருகிறேன். அம்மாவிடம் பெட்டியைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தேன். உள்ளே இருந்தவற்றைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை. சிலிக்கான் பெடல் நிலைபெற்ற பிறகு அந்த இரண்டு டிரான்சிஸ்டர்களையும் உடுமலை முதியவரிடமே கொண்டு சென்றேன். அவர் அவற்றை அவற்றின் இடத்தில் பற்றவைத்தார். கூடவே நான்கைந்து பழைய கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிப் புதியவற்றைப் போட்டார். "டிரான்சிஸ்டர் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. இதுதான் காஞ்சு போச்சு. அப்பவே கொண்டாந்திருக்கலாம்" என்றார். அன்றிரவு மூணாறில், இரைச்சலுக்கு நடுவே, தொலைவிலிருந்து ஒரு தமிழ்க்குரல் அதில் கேட்டது. அம்மா குமிழைத் தொடவே இல்லை. அந்த நிலையத்திலேயே விட்டுவைத்தார். நான்கு ஆண்டுகளில் நான் செய்த பற்றவைப்புகளில் எனக்கு மனநிறைவு தந்தது நான் செய்யாத அந்த ஒன்றுதான்.

இவ்வாண்டு ஜனவரியில் எங்கள் தோட்டத்துச் சிறு மண்டபம் ஒன்றில் அதே நிகழ்வை மீண்டும் நடத்தினோம். அப்பத்தா இம்முறை மேடையிலேயே அமர்ந்து நேரடியாகப் பாடினார். அவர் குரல் உடையும் இடத்தில் கிதார் சேர்ந்துகொண்டது. முடிந்ததும் பெடலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன தடவ விக்குச்சு. இப்ப அழுவுது, சாமி" என்றார்.

மாணவர் இருவருக்கும்: என் பெடல் துறையின் ஆய்வாளர் அறையில், இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. வாங்குவதற்கு முன் ஒரு வாரம் எடுத்துச் சென்று வாசித்துப் பாருங்கள். நண்பகலில் ஒருமுறை, விடியற்காலையில் ஒருமுறை. பேட்டரியை மட்டும் கழற்றி வைத்துத் திருப்பித் தாருங்கள்.